பரணில் இரண்டு சம்பந்திகள்

மான்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தன.

முன்னால் நடந்த வெர்னர் சட்டென்று நின்றார். பின்னால் நடந்த நான் நிற்கவில்லை. என் மூக்கு அவருடைய முதுகுப் பையில் போய் இடித்தது. பையில் நனைந்த நாயின் வாசமும் பழைய பாலாடைக்கட்டியின் வாசமும் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் பின்பக்கமாக விரித்துக் காட்டினார். நில் என்று சொல்ல மொழி தேவையில்லை.

அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மரங்களுக்கு அப்பால் சரிவான புல்வெளி. அதன் தலைமாட்டில், ஓக் மரம் ஒன்றில் சாய்ந்தபடி, நாங்கள் ஏற வேண்டிய பரண். பரணுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெண் மானும் இரண்டு குட்டிகளும் நின்று இரவுச் சாப்பாட்டைத் தொடங்கியிருந்தன.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். மான்கள் பந்திக்கு முந்திக்கொண்டன. நாங்கள் படை. பிந்திவிட்டோம்.

பரண் என்று நான் எழுதுவது இந்தச் சுவிஸ் நாட்டு வேட்டைக்காரர்கள் காட்டோரங்களில் கட்டி வைத்திருக்கும் மரக் கூண்டை. நாலு கால், ஒரு ஏணி, மேலே கூரை போட்ட ஒரு பெட்டி, உள்ளே உட்காரப் பலகை. ரயிலில் போகும்போது யன்னலால் பார்த்திருப்பீர்கள். கனகாலமாக நான் அவற்றைத் தோட்டக்காரரின் கழிப்பறை என்று நினைத்திருந்தேன். அதை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்பதுதான் விளங்காமல் இருந்தது.

என் பிரச்சினை மான் அல்ல. நான் அங்கே போனது கதைக்க. ஒரு கல்யாணத்தை நிறுத்துகிற கதை. மான் பக்கத்தில் நின்றால் மனிதர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

என் திட்டம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் மகள் தர்சிகாவைத் தெரியும். பனிமனிதனுக்குத் திருநீறு பூசிவிட்டு ஆசிரியையிடம் பேச்சு வாங்கிய அதே பிள்ளைதான். அவள் வளர்ந்து, படித்து, ஆராவ் நகரத்தில் ஃபிசியோதெரபி வேலை பார்க்கிறாள். ஒரு நாள் நாங்கள் இருக்கும் துன் நகரத்துக்கு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே, லூக்காஸ் என்று ஒரு பெயரைச் சொன்னாள். மின்சார வேலை செய்கிற பெடியன். ஆர்காவ் மாநிலத்து மலைச்சரிவில், செர்ரி மரங்களும் மாடுகளும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ஒரே மகன்.

என் மனைவி மஞ்சுளா ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த நாள் காலையில், "பெடியனுக்கு வேட்டி கட்டினால் இடுப்பிலை நிக்குமோ?" என்று மகளிடம் கேட்டாள். அவ்வளவு கெதியில் கட்சி மாறிவிட்டாள். எதிர்க்கட்சியில் மிஞ்சியது நான் ஒருவன்.

சமயம், சொந்தபந்தம் என்றெல்லாம் வெளியே சொன்னேன். உள்ளே இருந்த காரணம் வேறு. எங்களுக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவள் அந்த மலையில் வாழ்க்கைப்பட்டால் மாடுகளோடும் மாமனாரோடும் அங்கேயே தங்கிவிடுவாள். எங்களுக்குத் தீபாவளிக்கு ஒரு முகம், நத்தாருக்கு ஒரு முகம் காட்டுவாள். எனக்கு அது தாங்காது. அதைச் சொன்னால் சுயநலம் என்பார்கள் என்பதால் சமயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மகளிடம் நேரே மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாத தகப்பனுக்கு ஒரு வழி உண்டு. அதை வேறு யாராவது சொல்லும்படி செய்வது. மாப்பிள்ளையின் தகப்பன் வெர்னர் அதற்கென்றே படைக்கப்பட்டவராகத் தெரிந்தார். மலையை விட்டு இறங்காத மனிதர். வாக்கெடுப்புக் காலங்களில் அவருடைய மாட்டுக் கொட்டில் சுவரில், வந்தவர்கள் போதும் என்ற மாதிரி ஒரு சுவரொட்டி தொங்குமாம். தர்சிகாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

இந்த நாட்டில் இவ்வளவு காலமும் வெளிநாட்டவரைப் பிடிக்காதவர்களைக் கண்டு ஒதுங்கிப் போன நான், முதன்முறையாக அப்படி ஒருவரை நம்பி ஒரு திட்டம் போட்டேன்.

திட்டம் ஒரே ஒரு ஜெர்மன் வசனம்தான். "ஹெர் அம்ஸ்லர், உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கும் இதில் விருப்பமில்லைத்தானே?" ஹெர் என்றால் திரு, அம்ஸ்லர் அவருடைய குடும்பப் பெயர். நான் வேலை செய்யும் ஏரிக்கரை ஓட்டலின் குசினியில், உருளைக்கிழங்கு வதக்கும்போதும் மீனுக்கு மா தடவும்போதும் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் "ஆம்" என்றால் போதும். மிச்சத்தை அவரே வீட்டில் சொல்லிக்கொள்வார். நான் மகளுக்கு ஆறுதல் சொல்லும் நல்ல அப்பாவாக இருந்துவிடலாம்.

ஆடி

சொல்லி வைத்தாற்போல் அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. ஒரு மாலை என்னோடு பரணில் வந்து இருக்கிறீர்களா என்று மகன் மூலம் கேட்டிருந்தார்.

"அப்பா, அவர் ஒருத்தரையும் பரணுக்குக் கூட்டிக்கொண்டு போறேல்லை. லூக்காஸின்ரை அம்மாவைக்கூட," என்றாள் தர்சிகா. "இது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமோ?"

எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் பஞ்சாங்கக் கலண்டரை எடுத்தேன். ஆடி மாதத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் அது உருப்படாது. நம்மவர்கள் எல்லோரும் ஆடியைத் தவிர்ப்பது அதற்காகத்தான். உருப்படக் கூடாத பேச்சுக்கு அதைவிடத் தோதான மாதம் கிடைக்குமா? ஆடியிலும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துச் சொன்னேன்.

மஞ்சுளாவுக்கு என் திட்டம் தெரியாது. ஆனால் கிழமை தெரியும்.

"ஆடி வெள்ளியிலை கொலைக்கோ போறியள்?"

"நான் சுடேல்லையப்பா. அவர்தான் சுடுறவர்."

"பக்கத்திலை இருந்து பாக்கிறவருக்கும் அதிலை பங்கிருக்கு," என்றவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரி போங்கோ. முருகனும் வேட்டைக்காரனா வேசம் போட்டு, மானைக் கண்டியோ எண்டு கேட்டுக்கொண்டுதானே வள்ளியிட்டைப் போனவர். சகுனம் நல்லாத்தான் கிடக்கு."

என் சகுனத்தை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போதாததற்கு, காட்டுக்குப் பழைய சப்பாத்துப் போதும் என்று குசினியில் நான் போடும் கறுப்புச் சப்பாத்துகளைத் தூக்கி வைத்தாள். இந்தச் சப்பாத்துகளை நினைவில் வைத்திருங்கள்.

வெர்னர் ரயில் நிலையத்துக்கு ஜீப்பில் வந்திருந்தார். அகலமான மனிதர், சிவந்த கழுத்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மாடு கடந்து போகலாம். அவர் பேசியது மலைப்பக்கத்து சுவிஸ் ஜெர்மன். அதை எழுத்துத் தமிழில் போட்டால் அவரை வங்கி முகாமையாளர் ஆக்கிவிடும். ஆகவே இங்கே அவரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கதைப்பார். சம்பந்தி ஆகப்போகிறவர் கொஞ்சம் சிரமப்படட்டும்.

"நல்ல நேரத்திலை வந்திருக்கிறீங்கள்," என்றார் ஜீப்பை ஓட்டிக்கொண்டே. "இந்த ரெண்டு கிழமையும்தான் ஆண் மான் பெண் மானைத் தேடித் திரியிற காலம். சாப்பாடு மறந்துபோம். பயம் மறந்துபோம்."

"இந்த மாதமோ?"

"ஓம். வருசா வருசம் இதுதான் மாதம். எனக்கு ஒரு கிழட்டுக் கடா இருக்கு. ஒரு கொம்பு வளைஞ்சவன். கனகாலமா என்னை ஏமாத்திறான். போன வருசம் முழங்காலாலை ஏணி ஏற ஏலாமல் போச்சு. இந்த வருசம் விடமாட்டன்."

எந்த மாதத்தில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேனோ, அதே மாதம் மான்களுக்கு முகூர்த்த மாதம். மான்களிடம் பஞ்சாங்கம் இல்லை.

கூட்டி வைத்த காடு

ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்து அழுத்தினார். வெள்ளைப் பொடி புகைபோல வந்தது. என் கை என்னையறியாமல் நீண்டுவிட்டது, காலையில் கோயிலில் திருநீற்றுக்கு நீண்டதுபோல. நல்லவேளை, அவர் பொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி எங்கள் முகத்தை நோக்கி வந்தால் காற்று சரியாம், மானுக்கு எங்கள் மணம் போகாதாம். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு பச்சைத் தொப்பியை எடுத்து என் திருநீற்றுக் குறியை மறைத்து இழுத்துவிட்டார்.

அதற்கப்புறம் பாதை. நான் எங்கும் காணாத பாதை. ஒரு சருகு இல்லை, ஒரு சுள்ளி இல்லை. வேட்டைக்காரர் நடக்கும்போது சத்தம் வரக் கூடாது என்று பரண் வரைக்கும் காட்டை வாருகோலால் வாரி வைத்திருந்தார். இந்த நாட்டில் காட்டையும் கூட்டுகிறார்கள்.

அந்தப் பாதையில்தான் என் மூக்கு அவருடைய பையில் இடித்தது.

வெர்னர் திரும்பிப் போகலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்திருக்கும். ஜீப்புக்குள் இருந்து நன்றாகக் கதைக்கலாம். ஆனால் அவர் வளைந்த கொம்புக்காரனை நினைத்திருக்க வேண்டும். விரலை வாயில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, தலையைக் குனிந்து மேய்கிற மாதிரி ஒரு பாவனை காட்டி, நடக்கலாம் என்றார். தலையை நிமிர்த்திப் பார்க்கிற மாதிரி காட்டி, நில் என்றார். அறுபதைத் தாண்டிய பெரிய மனிதர் மானாக நடித்தது எனக்கு மட்டும் தெரிந்த காட்சி.

அப்படியே செய்தோம். பெண் மான் தலை குனிந்தால் இரண்டு அடி. நிமிர்ந்தால் தூக்கிய கால் தூக்கியபடி. ஒரு கொசு என் காதுமடலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது.

கடைசியாக நான் இப்படி ஒரு காட்டுக்குள் நடந்தது இந்த நாட்டுக்குள் வந்தபோதுதான். எங்களைக் களவாக எல்லை கடத்தி, முன்னால் போன ஏஜென்சிக்காரன் இதேபோல உள்ளங்கையைப் பின்னால் விரிப்பான். நாங்கள் பாதி மூச்சில் நிற்போம். அப்போது தூரத்தில் டோர்ச் வெளிச்சத்தோடு திரிந்தவர்கள் சுவிஸ்காரர், பதுங்கியது நான். இப்போது சுவிஸ்காரரோடு சேர்ந்து பதுங்கிக்கொண்டு வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பெண் மான் தலையை நிமிர்த்தும் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு அதன் பக்கம்தான் அடித்தது.

ஏணி

ஏணியடியை அடைந்தபோது மான்கள் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. வெர்னர் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று திறந்து பார்த்து, எனக்கும் காட்டி, தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். குண்டு போடுவது மேலே போய்த்தானாம். பாரமான உடம்பு, ஆனால் முழங்கால் நன்றாகவே மடங்கியது. மேலிருந்து எனக்குச் சைகை காட்டினார்.

நான் சப்பாத்துகளைக் கழற்றினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. படி ஏறி ஒரு இடத்துக்குள் போக வேண்டும், காலில் சப்பாத்து இருக்கிறது, கழற்றினேன். கோயிலானாலும் வீடானாலும் பிறந்த நாள் முதல் செய்து வருகிற வேலை. கழற்றி, ஜோடி சேர்த்து, நுனி வெளியே பார்க்க, ஏணிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன். பிறகு காலுறையோடு ஏறினேன்.

ஒரு படிகூட முனகவில்லை. மேலே வெர்னர் என் கால்களைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. பெருவிரலை உயர்த்தினார். கைதேர்ந்த வேட்டைக்காரர் அப்படித்தான் ஏறுவார்களாம், பிறகு சொன்னார். அவர் மனதில் நான் ஒரே நொடியில் வன்னிக் காட்டில் சிறுத்தை வேட்டையாடிய பரம்பரை ஆகிவிட்டேன். நான் மறுத்துச் சொல்ல முடியாது. வாய் திறக்கக் கூடாதே.

வாய் மூடிய பேச்சுவார்த்தை

உள்ளே இருந்த பலகை ஒன்றரை ஆளுக்குப் போதும். அதில் முக்கால் பங்கு வெர்னர். தோளோடு தோளும் தொடையோடு தொடையும் ஒட்டி உட்கார்ந்தோம். நம்மூர்த் தட்டிவான் பஸ்ஸிலும் இவ்வளவு நெருக்கமாக நான் ஒரு ஆம்பிளையோடு இருந்ததில்லை.

என் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஹெர் அம்ஸ்லர், உண்மையைச் சொல்லுங்கள். கீழே மான் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கம். நான் ஒரு முறை தொண்டையைச் செருமப் பார்த்தேன். வெர்னரின் கை வந்து என் முழங்காலில் உட்கார்ந்தது. நான் செருமலை விழுங்கினேன்.

சிறிது நேரம் கழித்து அவர் பையிலிருந்து ஒரு காய்ந்த சொசேஜை எடுத்துப் பாதியை நீட்டினார். ஆடி வெள்ளி. தலையசைத்து மறுத்தேன். அவர் என்னை மறுபடி மதிப்போடு பார்த்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உள்ளே வைத்துவிட்டார். என் விரதத்தை அவர் வேட்டை ஒழுக்கமாக எடுத்துக்கொண்டார் போலும்.

கைத்தொலைபேசி பைக்குள் அதிர்ந்தது. மடியில் வைத்து மெல்லப் பார்த்தேன். மஞ்சுளா. "போய்ச் சேந்திட்டீங்களோ?"

"மான்," என்று எழுதினேன்.

"என்ன மான்? ஆள் எப்பிடி?"

"பக்கத்திலை," என்று எழுதிவிட்டு அணைத்துவிட்டேன்.

வெயில் சாய்ந்து புல்வெளி மஞ்சளாகியது. சொல்ல வந்தது சொல்லப்படாமல் இருந்தாலும், ஒரு மனிதன் பக்கத்தில் இருந்து மூச்சுவிடுவதைக் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தால் அவனைப் பற்றிக் கெட்டதாக நினைப்பது கடினமாகிவிடுகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் அவரை நம்பி வந்தது அதற்கல்ல.

மாப்பிள்ளை வந்தார்

குட்டிகள் இரண்டும் புல்வெளியோரத்து மக்காச்சோள வயலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அப்போதுதான் காட்டு விளிம்பில் செம்பழுப்பு நிறம் ஒன்று அசைந்தது. வெர்னரின் தொடை இறுகியது. ஒரு கொம்பு நேர், மற்றது காதுக்கு மேல் வளைந்து கிடந்தது. அந்தக் கிழவன்தான்.

கிழவன் எங்களைப் பார்க்கவில்லை. அவனுக்கு உலகத்தில் ஒரு பெண் மான்தான் இருந்தது. அது ஓடியது, இவன் துரத்தினான். புல்வெளியில் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை, வலம் வருவது மட்டும் குறைவில்லாமல் நடந்தது. ஆடி வெள்ளியில்.

வெர்னர் துப்பாக்கியை யன்னல் விளிம்பில் வைத்தார். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது. கிழவன் நிற்கவேயில்லை, ஆகவே அவரும் காத்திருந்தார். வட்டம் பெரிதாகிப் பரணின் பக்கம் வந்தது. பெண் மான் ஏணியடிக்கு வந்ததும் சடாரென்று நின்றது.

என் சப்பாத்துகள்.

கழுத்தை நீட்டி முகர்ந்தது. குசினியில் எத்தனையோ இலையுதிர்காலம் உழைத்த சப்பாத்துகள் அவை. இந்நாட்டவர் விரும்பிக் கேட்கும் மான் கறிக் குழம்பு எத்தனை தடவை அவற்றில் சிந்தியிருக்கும். பாவம், அந்தப் பெண் மான் தன் சொந்தக்காரர் எத்தனை பேரை அதில் அடையாளம் கண்டதோ. நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. மானுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த கணம் புல்வெளியில் ஒன்றுமில்லை.

காட்டுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு முறை குரைப்பு கேட்டது, தூரத்தூரப் போய்க்கொண்டு.

வெர்னர் துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்தார். யன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். ஜோடியாக, நுனி வெளியே பார்க்க, என் சப்பாத்துகள். அவருடைய கழுத்து மெல்ல இன்னும் சிவந்து வந்தது.

எனக்கு வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம், இதைவிட நல்ல தருணம் கிடைக்காது என்று புத்தி சொன்னது. மான் போய்விட்டது, வாய் திறக்கலாம். மனிதர் கோபத்தில் இருக்கிறார், நெஞ்சில் உள்ளது வெளியே வரும்.

"ஹெர் அம்ஸ்லர்," என்றேன். "உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கும் இந்தக் கல்யாணத்திலை விருப்பமில்லைத்தானே?"

என்ன குறை?

அவர் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாடு கடந்து போகும் நேரம்.

"இல்லை," என்றார். "எனக்கு விருப்பமில்லை."

நான் அத்தனை தூரம் ரயிலேறி வந்தது அந்தச் சொல்லுக்குத்தான். காரியம் முடிந்தது. நன்றி சொல்லி, ஏணியிறங்கி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

"ஏன்? என்ரை பிள்ளையிலை என்ன குறை?" என்றேன்.

குரல் எனக்கே புதிதாக இருந்தது. வெர்னர் திரும்பிப் பார்த்தார்.

"குறை எண்டு நான் சொல்லேல்லையே."

"விருப்பமில்லை எண்டால் வேறை என்ன அர்த்தம்? அவளைப்போல ஒரு பிள்ளை உங்களுக்கு எங்கை கிடைக்கும்? உங்கட முழங்காலைச் சரியாக்கினது ஆர்?"

"அவள்தான்."

"அப்ப? போன வருசம் ஏற ஏலாத ஏணியிலை இண்டைக்கு நீங்கள் ஏறினதே அவளாலை!"

"ஓம்," என்றார் அவர். பிறகு கண்ணைச் சுருக்கினார். "உங்களுக்கு விருப்பமோ?"

"எனக்கும் இல்லை."

"லூக்காஸிலை என்ன குறை?" இப்போது பலகை ஆடியது. "வேலை தெரிஞ்சவன். பொய் சொல்லமாட்டான். இந்த ஊரிலை அவனைக் கேட்டு வந்த வீடுகள் தெரியுமோ உங்களுக்கு?"

"நான் குறை சொல்லேல்லை. எங்கட சாமியறைக்கு லைட் போட்டதும் அவன்தான். நல்ல பெடியன்."

"நல்ல பெடியன்தான்!"

"நல்ல பெட்டைதான் அவளும்!"

கல்யாணத்தில் விருப்பமில்லாத இரண்டு தகப்பன்மார், அவரவர் பிள்ளையை மற்றவருக்குத் தரகர்கள் போலப் புகழ்ந்து கத்திக்கொண்டிருந்தோம். அந்தப் புல்வெளிக்கு அந்த வருசம் மான் திரும்பியிருந்தால் ஆச்சரியம்.

களைத்துப் போய் முதலில் நிறுத்தியவர் அவர்தான். "பிள்ளையள் ரெண்டு பேரும் துன்னிலை வீடு பாக்கினம்," என்றார் தணிந்த குரலில். "உங்களுக்குத் தெரியும்தானே. உங்கட ஆக்கள் ஒண்டா இருக்கிறவை. அவன் அங்கை போனால் போனதுதான். இந்தச் செர்ரி மரங்களை ஆர் பாக்கிறது? மாட்டைக் குடுத்திடலாம். மரத்தை என்ன செய்யிறது?"

எனக்குத் தெரியாது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு யார் சொல்வார்கள்? என் பிள்ளை துன்னுக்கு வருகிறாள். எங்கள் ஊருக்கு. நடந்து போகிற தூரத்தில் இருந்தாலும் இருப்பாள்.

பெண் மானுக்குப் பயந்து அசையாமல் நின்றதைவிட, அந்தச் சந்தோசத்தை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு பெரிது. பக்கத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். நான் இரண்டு மாதமாக நித்திரையில்லாமல் பயந்த அதே பயம். எனக்கு வரவேண்டியது, முகவரி மாறி அவரிடம் போயிருந்தது.

"செர்ரிக் காலத்துக்கு நாங்கள் வாறம்," என்றேன்.

"ஆர்?"

"நாங்கள்தான். ஒண்டா இருக்கிறவை எண்டு சொன்னீங்கள்தானே. ஒண்டாத்தான் வருவம். மஞ்சுளாவின்ரை தங்கச்சி குடும்பம், ஓட்டலிலை என்னோடை நிக்கிற பெடியள். ஏணி ஏறப் பயமில்லாத ஆக்கள்."

"எத்தினை பேர்?"

"ஒரு வான் காணாது."

"கொட்டிலிலை படுக்க இடமிருக்கு," என்றார். பிறகு, "சுவரிலை ஒண்டு தொங்குது. அதைக் கழட்டி வைக்கிறன்," என்றார்.

இறக்கம்

கீழே வந்து நான் சப்பாத்தை மாட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கழட்டினனீங்கள்?"

"மேலை ஏறி ஒரு இடத்துக்குள்ளை போறதெண்டால் கழட்டுவம். பழக்கம்."

"கோயிலிலை நானும் கழட்ட வேணுமோ?"

"ஓம். சட்டையும்."

"சட்டையுமோ?" குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "குளிராதோ?"

"கல்யாணத்தை வைகாசியிலை வைச்சால் குளிராது. செர்ரிக் காலத்துக்கு முன்னமே முடிஞ்சிடும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே விளங்கியது. வெர்னர் கையை நீட்டினார். "நான் வெர்னர்," என்றார், "இனி நீ எண்டு கதைப்பம்." நம்மூரில் சம்பந்தியை நீ என்றால் கல்யாணம் நின்றுவிடும். இங்கே அதில்தான் தொடங்குகிறது.

ரயில் மேடையில் நின்று மஞ்சுளாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்னவாம்?"

"வேண்டாமெண்டவர்."

"ஐயோ! நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நானும் வேண்டாமெண்டனான்."

"பிறகு?"

"பிறகு வைகாசியெண்டு முடிவாப் போச்சு. சட்டையைக் கழட்டுறாராம்."

சந்தோசத்தில் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினாள். "ஆடி வெள்ளியிலையோ கல்யாணப் பேச்சு முடிச்சனீங்கள்? ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. ஆவணி பிறந்த உடனை போய், இண்டைக்கு ஒண்டும் கதைக்காத மாதிரி, முதலிலை இருந்து திரும்பக் கேளுங்கோ!"

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து அதே பரணுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றித்தான் ஏறினேன். ஆனால் இந்த முறை அவற்றைக் கையில் கொண்டு போனேன்.